ஒரு பிசிஷியன் அசிஸ்டன்ட் மாணவியின் கட்டணக் கணக்கு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியர். கல்வராயன் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்தவர்களின் கல்லூரி விண்ணப்பம், சான்றிதழ், கட்டணம் எல்லாம் கடைசியில் ஆசிரியர்கள் மேஜைக்குத்தான் வரும். 2021-ல் என் மேஜைக்கு வந்த ஒரு மாணவியின் கதை இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு, தொகைகளை மட்டும் அப்படியே தருகிறேன். அவளும் குடும்பமும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

அப்பா கரும்பு வெட்டும் கூலி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஆதிதிராவிடர் குடும்பம், வருமானச் சான்றில் ஆண்டுக்கு 72,000 ரூபாய். பெண் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தாள். அந்த வருடம் கொரோனாவால் பொதுத் தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50 சதவீதம், பிளஸ் ஒன்னில் 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டில் 30 என்று கூட்டி ஜூலை 19-ல் ரிசல்ட் கொடுத்தார்கள். எல்லோருக்கும் நல்ல மார்க் வந்த வருடம் என்பதால், இவளுடைய நல்ல மார்க்குக்கு வழக்கமாக இருந்திருக்கும் மதிப்பு இல்லை.

நர்சிங்தான் அவளுடைய முதல் எண்ணம். பிசிஷியன் அசிஸ்டன்ட் என்ற படிப்பை ஒரு நோட்டீஸில்தான் பார்த்தாள். இது டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியிடம் விவரம் கேட்டு எழுதுவது, ரவுண்ட்ஸில் உடன் போவது, டிஸ்சார்ஜ் சம்மரி தயாரிப்பது, ஆபரேஷன் தியேட்டரில் உதவுவது ஆகிய வேலைகளுக்கான பி.எஸ்சி. பட்டம். மூன்று வருடம் வகுப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். முடித்தவர் தனியாக வைத்தியம் பார்க்க முடியாது. இந்தியாவில் இந்தப் படிப்பு 1992-ல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் தொடங்கியது. 2021-ல் தமிழ்நாட்டில் இதில் சேர நீட் தேவைப்படவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே வீட்டில் சரி என்றார்கள்.

முன்பணமும் அசல் சான்றிதழும்

ரிசல்ட் வந்த பத்தாம் நாளே ஊருக்கு ஒரு வேன் வந்தது. வந்தவர் தன்னை 'கல்வி ஆலோசகர்' என்றார். மேற்கு மாவட்டத்துத் தனியார் கல்லூரி ஒன்றுக்கு ஏழு பிள்ளைகளைக் கூட்டிப் போனார். "நீங்க எஸ்.சி.தானே, ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம், எல்லாம் ஸ்காலர்ஷிப்ல வந்துடும்" என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி 10,000 ரூபாய் முன்பணம் கட்டி, மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் சான்றிதழையும் அசலாகவே கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அப்பா அந்த ரசீதைக் கொண்டுவந்து நீட்டினார். ரசீதின் மேல் ஓரத்தில் பேனாவால் 'எம்.க்யூ.' என்று சின்னதாக எழுதியிருந்தது. மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது நிர்வாக ஒதுக்கீடு. ஆண்டுக் கட்டணம் 1,10,000, விடுதி 60,000. அடியில், சேர்க்கைக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்ற அச்சு வரி.

இந்தக் கதையின் பாதி அந்த இரண்டு எழுத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கட்டாயக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும். ஆனால் நிர்வாக ஒதுக்கீட்டு இடத்துக்கு அது கிடையாது. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் சரியாகவே இருந்தாலும், எந்தக் கதவு வழியாக உள்ளே போனாய் என்ற கேள்வியில் அடிபட்டுவிடும். ஆலோசகர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. ஸ்காலர்ஷிப் இருக்கிறது, அவர் காட்டிய இடத்துக்கு இல்லை, அவ்வளவுதான்.

எடுத்த முடிவு: 10,000 போனால் போகட்டும், சான்றிதழ்களை வாங்கிவிடுவது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. சொல்லியிருப்பதைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். அப்பாவும் அண்ணனும் நேரில் போனார்கள். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களுக்கு மாலை நாலரைக்குச் சான்றிதழ் கிடைத்தது. பணம் கிடைக்கவில்லை.

காத்திருப்பது என்ற முடிவு

சரி, அடுத்து என்ன? மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் அரசு மருத்துவக் கல்லூரி இடமும் உண்டு, தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடமும் உண்டு. சிக்கல் தேதிதான். தனியார் கல்லூரி ரிசல்ட் வந்த வாரமே கையை நீட்டும்; அரசுக் கலந்தாய்வு மாதக்கணக்கில் தள்ளி வரும். நடுவில் இருக்கும் மாதங்களில்தான் பிள்ளைகள் வேனில் ஏறுகிறார்கள். பக்கத்துத் தெரு மாணவி ஆகஸ்டில் கல்லூரிக்குப் போய்விட்டாள், இவள் வீட்டில் இருக்கிறாள். "வருஷம் வீணாப் போயிடுமா சார்?" என்று அம்மா மூன்று முறை வந்து கேட்டார்.

அந்த இடைவெளியில் சான்றிதழ் வேலைகளை முடித்தோம். புது வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரில் பெயர் எழுத்துத் திருத்தம். முதல் பட்டதாரிச் சான்றுக்கும் மூன்று நாள் அலைய விட்டேன். அது என் தப்பு. ஒரே கல்விக் கட்டணத்துக்கு இரண்டு சலுகை கிடைக்காது. போஸ்ட் மெட்ரிக் வாங்கப்போகிறவளுக்கு அந்த அலைச்சல் தேவையே இல்லை.

கலந்தாய்வில் அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை. இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தது. வகுப்பில் போய் உட்காரும்போது ரிசல்ட் வந்து அரை வருடம் ஓடியிருந்தது.

சேர்ந்த அன்று

கட்டணச் சீட்டில் இருந்தவை: கல்விக் கட்டணம் 45,000, இதர கட்டணம் 18,000, விடுதி விருப்பப்பட்டால் 48,000. மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தோம்.

கல்விக் கட்டணம் உதவித்தொகையில் வரும், ஆனால் இன்று வராது. கல்லூரியோ இன்றே கேட்டது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கப்போகும் விவரத்தைச் சொல்லி, அங்கிருந்து ஒரு போன் போட வைத்தோம். உதவித்தொகை வந்ததும் கட்டிவிடுவதாக எழுதிக் கொடுத்தால் போதும் என்று கல்லூரி இறங்கி வந்தது.

இதர கட்டணம் 18,000-ஐ உடனே கட்டித்தான் ஆகவேண்டும் என்றார்கள். அம்மாவின் தோடும் ஒரு ஜோடி வளையலும் கூட்டுறவு வங்கிக்கு அடகு போயின. கட்டாயக் கட்டணத்தில் இதுவும் சேருமே, உதவித்தொகை இணையப் பக்கத்தில் ஏன் 45,000 மட்டும் ஏற்றியிருக்கிறார்கள் என்று நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். சீட்டு கிடைத்த நிம்மதியில் கேட்கவில்லை. மூன்று வருடமும் அந்த 18,000 வீட்டுத் தலையில்தான் விழுந்தது.

விடுதியில்தான் உண்மையான மிச்சம் இருந்தது. கல்லூரி விடுதியில் தங்குகிற துணை மருத்துவ மாணவிக்குப் போஸ்ட் மெட்ரிக்கில் கிடைக்கும் படித்தொகை ஆண்டுக்கு 9,500 ரூபாய், செலவு 48,000. ஆகவே மாவட்டத் தலைநகரில் இருக்கும் அரசு ஆதிதிராவிடர் நலக் கல்லூரி மாணவியர் விடுதியில் இடம் வாங்கினோம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். கல்லூரிக்கு டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முதல் இரண்டு வருடம் விடுதிக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து அவள் வீட்டில் கேட்ட பணம் பூஜ்யம். ஸ்காலர்ஷிப், லோன் என்று பேசும்போது இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் இந்தக் குடும்பத்துக்கு மிச்சமான மிகப் பெரிய தொகைகளில் இதுவும் ஒன்று.

பணம் வந்தது, யாருக்கும் தெரியவில்லை

2022 பிப்ரவரியில் உதவித்தொகை விண்ணப்பம் போட்டாள். எஸ்.சி. போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், மாநிலத்தின் பங்கு 40. 45,000 என்றால் 27,000 ஒரு தவணை, 18,000 ஒரு தவணை. இரண்டும் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு வரும்.

ஆகஸ்ட் வரை வரவில்லை. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய வங்கிக் கணக்கின் பாஸ்புக்கை நான்கு முறை பதிந்து பார்த்தாள். கடைசி வரி 212 ரூபாய். கல்லூரி அலுவலகத்தில் தினமும் பெயர் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். "வகுப்பு நடக்கும்போதே வந்து கூப்பிடுறாங்க சார்" என்று போனில் சொன்னாள். அதற்கு மேல் பேசவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தபோது, ஆதார் இணையதளத்தில் அவளுடைய எண்ணைப் போட்டு வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தேன். இணைந்திருந்த வங்கி அஞ்சலகப் பேமென்ட்ஸ் வங்கி. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் அம்மாதான் சொன்னார்: ஊரடங்கு நாளில் தபால்காரர் வீட்டுக்கே வந்து, கைரேகை வைக்கச் சொல்லி, 'பணம் வரும் கணக்கு' என்று வீட்டில் எல்லோருக்கும் ஒன்று தொடங்கிக் கொடுத்திருக்கிறார். கடைசியாக எந்தக் கணக்கை ஆதாரோடு இணைக்கச் சம்மதித்தோமோ, அரசுப் பணம் அதற்குத்தான் போகும். பழைய பாஸ்புக்கில் ஆதார் நகல் கொடுத்திருக்கிறோமே என்பதெல்லாம் எடுபடாது. அந்தப் புதுக் கணக்குக்குக் கொடுத்த மொபைல் எண் அண்ணனின் பழைய சிம், எப்போதோ செத்துப்போனது. அதனால் மெசேஜும் வரவில்லை.

தபால்காரரின் கருவியில் விரல் வைத்ததும் இருப்பு தெரிந்தது. 45,000 ரூபாய். இரண்டு தவணையும் வந்து படுத்திருந்தது.

ஹால் டிக்கெட்

கைரேகை வைத்து எடுத்தால் ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான். தபால்காரர் கையில் தினமும் அவ்வளவு ரொக்கமும் இருக்காது. ஐந்து தடவையாக, ஒன்பது நாளில் எடுத்தார்கள். மாணவி விடுமுறை சொல்லிவிட்டு ஊரில் இருந்தாள். எடுத்த பணம் வீட்டில், அரிசிப் பானைக்குள் ஒரு துணிப்பையில் இருந்தது.

நான்காம் நாள் அப்பாவுக்குக் காலில் அரிவாள் பட்டு, புண் சீழ் பிடித்து, தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். 11,000 ரூபாய் செலவு. எந்தப் பணத்தில் என்று சொல்ல வேண்டியதில்லை. "பானைல பணத்தை வச்சுக்கிட்டு, அவரை எப்படி சார் அப்படியே பாத்துக்கிட்டு இருக்கறது?" என்றார் அம்மா. எனக்குப் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

கல்லூரிக்குப் போனது 34,000. மீதிக்காகத் தேர்வுக்கு முந்தைய வாரம் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தார்கள். உதவித்தொகை முழுதும் வந்துவிட்டதைக் கல்லூரி அந்த இணையப் பக்கத்திலேயே பார்த்துவிட்டதால், "அரசாங்கம் கொடுத்ததை நீங்க செலவழிச்சிட்டீங்க" என்ற பேச்சுக்கு மறுபேச்சு பேச முடியவில்லை. அண்ணன் திருப்பூரில் வார வட்டிக்கு வாங்கி 11,000 அனுப்பினான். தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் ஹால் டிக்கெட் கைக்கு வந்தது.

இதற்குப் பிறகு இரண்டு காரியம் செய்தோம். பழைய வங்கிக் கணக்கிலேயே படிவம் கொடுத்து ஆதார் இணைப்பை அங்கே மாற்றினோம். அடுத்த வருடங்களில் பணம் விழுந்த அன்றே மாணவி கிளையிலிருந்து கல்லூரிக் கணக்குக்கு நேரடியாக மாற்றினாள்; வீட்டுக்கு ரொக்கமாக வரவே இல்லை.

"பி.ஏ.வா? ஹிஸ்டரியா?"

அடுத்த கேள்வி, உதவித்தொகை தொடாத செலவுகளுக்கு என்ன செய்வது. இரண்டாம், மூன்றாம் ஆண்டு இதர கட்டணம் 36,000. மூன்றாம் ஆண்டில் ஐ.சி.யு. போஸ்டிங் தொடங்கும், காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டும், சில நாள் இரவு எட்டுக்குத்தான் விடுவார்கள். அரசு விடுதியின் கதவு நேரம் அதற்கு ஒத்துவராது. ஆகவே மூன்றாம் ஆண்டும் இன்டர்ன்ஷிப் ஆண்டும் கல்லூரி விடுதி, 96,000. மொத்தம் 1,32,000.

நான்கு லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்து அடமானமும் கிடையாது, நம் பங்குப் பணமும் கேட்க மாட்டார்கள். "அப்போ நாலு லட்சமே வாங்கிடலாமே சார்" என்றான் அண்ணன். வேண்டாம் என்றேன். முடித்ததும் என்ன சம்பளம் வரும் என்று ஏற்கெனவே வேலையில் இருந்த இரண்டு பேரிடம் விசாரித்திருந்தோம். அந்தச் சம்பளத்தில் நான்கு லட்சத்தைத் தூக்க முடியாது.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, வங்கிக்குப் போனோம். மேலாளர், பிசிஷியன் அசிஸ்டன்ட் என்பதன் சுருக்கமான 'பி.ஏ.'வைப் பார்த்துவிட்டு "பி.ஏ.வா? ஹிஸ்டரியா?" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். விளக்கியதும், "இதுக்குக் கவுன்சில் எது?" என்றார். நர்சிங்குக்கு நர்சிங் கவுன்சில் மாதிரி ஒரு பெயரை எதிர்பார்த்தார். 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பிசிஷியன் அசோசியேட் அல்லது அசிஸ்டன்ட் என்ற பெயர் இருக்கும் பக்கத்தையும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு கல்லூரி இணைந்திருக்கும் கடிதத்தையும் அச்செடுத்துக் கொடுத்தோம். ஆறு வாரத்தில் 1,35,000 ஒப்புதல் ஆனது.

ஒரு ஏமாற்றம். பெற்றோர் வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. அது கிடைத்துவிடும் என்று நான் நம்பிக்கையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் 'நாக்' அமைப்பின் அங்கீகாரம் இந்தக் கல்லூரிக்கு இல்லை என்று வங்கி அதை ஏற்கவில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டிய விஷயம்.

அதை ஓரளவு சரிக்கட்டியது புதுமைப் பெண் திட்டம். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், வேறு உதவித்தொகை வாங்கினாலும் உண்டு. அதை வட்டிக்கென்று ஒதுக்கினோம். கடன் ஒரே தடவையாக வராது. ஒவ்வொரு கட்டணத்துக்கும் கல்லூரிக் கணக்குக்கே நேராகப் போகும். வட்டி ஏறத்தாழ 10 சதவீதம். இரண்டாம் ஆண்டில் மாதம் 150 ரூபாய்தான், மூன்றாம் ஆண்டில் 700. இன்டர்ன்ஷிப்பில் 1,100-ஐத் தொட்டது. அந்த வருடத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான். படிக்கும்போதே வட்டியைக் கட்டினால் ஒரு சதவீதம் குறைக்கலாம் என்று விதி இருக்கிறது. கேட்டால்தான் தருகிறார்கள்.

இன்டர்ன்ஷிப்

நான்காம் ஆண்டுத் தொடக்கத்தில் 'பயிற்சிக் கட்டணம்' என்று 15,000 கேட்டார்கள். சேர்ந்த அன்று கொடுத்த கட்டணச் சீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. அந்தச் சீட்டை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். எந்த உத்தரவின்படி என்று எழுத்தில் கொடுங்கள், வங்கி கேட்கிறது என்று மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்தாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. ஊக்கத்தொகை என்று எதுவும் தரவும் இல்லை.

கடைசியில் நின்ற கணக்கு

2025 இறுதியில் பயிற்சி முடிந்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதயப் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். கையில் வருவது 16,500. தங்குமிடத்துக்கு 5,500 போகிறது.

மூன்று வருடத்தில் உதவித்தொகை 1,35,000. கடன் 1,32,000, ஐந்து வருடத் தவணையாக மாதம் சுமார் 2,800. வீட்டிலிருந்து போனது: ஆலோசகரிடம் இழந்த 10,000, நகை அடகின் 18,000, அண்ணனின் 11,000, இவற்றின் வட்டி, சீருடை, தேர்வுக் கட்டணம். அந்த எம்.க்யூ. இடத்தில் சேர்ந்திருந்தால் உதவித்தொகை இல்லாமல் வருடத்துக்கு 1,70,000. மூன்று வருடம் என்ன, முதல் வருடமே தாண்டியிருக்க முடியாது. அன்று வேனில் போன ஏழு பேரில் இரண்டு பேர் பாதியில் திரும்பிவிட்டார்கள்.

மறுபடி செய்வதானால்

ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பார்ப்பதை விண்ணப்பத்துக்கு முந்தைய வேலையாக வைப்பேன். இப்போது எங்கள் பள்ளியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு முடிந்த வாரத்திலேயே ஒவ்வொருவருக்கும் பார்த்துவிடுகிறோம். போன வருடம் பார்த்தபோது, 64 பேரில் 19 பேருக்கு அவர்கள் நினைத்த கணக்கு வேறு, இணைந்த கணக்கு வேறு.

இதர கட்டணத்தையும் உதவித்தொகைப் பக்கத்தில் ஏற்றச் சொல்லிச் சேரும் நாளிலேயே எழுத்தில் கேட்பேன். கிடைத்திருக்குமா என்பது வேறு, கேட்காதது தப்பு. விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது நாக் இருக்கிறதா என்று ஒரு பத்தி போட்டுக்கொள்வேன்.

கடன் விண்ணப்பத்தை முதல் வருடமே, சின்னத் தொகைக்காவது போட்டிருக்கலாம். அந்த 18,000-க்கு நகை போயிருக்காது. அப்போது கடன் என்ற சொல்லுக்கே அப்பா பயந்தார், நானும் வற்புறுத்தவில்லை. அடகு வைத்த வளையலை அவள் முதல் சம்பளத்தில் மீட்டாள். தோடு இன்னும் கூட்டுறவு வங்கியில்தான் இருக்கிறது, பொங்கலுக்குள் எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.